பன்னிரண்டு நாற்காலி

லெப்சா என்கிற பெயரை அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை. தங்களை அவர்கள் ரோங் என்கிறார்கள். இன்னும் நீட்டிச் சொன்னால் முதாஞ்சி ரோங்குப் ரும்குப். தாயின் பிள்ளைகள், தெய்வத்தின் பிள்ளைகள் என்பதுபோல அர்த்தம் வரும். லெப்சா என்பது நேபாளிகள் வைத்த பெயர், பேச்சு சரியாக வராத சனம் என்று பொருள் என ஒரு விளக்கம் உண்டு. இந்த விளக்கத்தை ஒப்புக்கொள்ளாதவர்களும் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். எது எப்படியோ, இன்றைக்குச் சாதிச் சான்றிதழில் லெப்சா. பெயருக்குப் பின்னால் ஒட்டாக லெப்சா. போராட்டத் தட்டியிலும் லெப்சாதான். அடுத்தவன் வாயிலிருந்து வந்த சொல்லை வாங்கி, அதையே நிமிர்த்திப் பிடிப்பது நமக்கொன்றும் புதுசு இல்லை. நம்ம பெயர்களில் எதை நாம் வைத்துக்கொண்டோம்?

கஞ்சன்ஜங்காவின் காலடியில் இன்றைய சிக்கிம், டார்ஜிலிங், கலிம்போங், நேபாளத்தின் இலாம், பூட்டானின் மேற்கு ஓரம் இதெல்லாம் சேர்ந்தது அவர்கள் மண். மாயெல் லியாங் என்று அதற்குப் பெயர். இப்போது அது மூன்று நாடுகளிலும், இந்தியாவுக்குள் இரண்டு மாநிலங்களிலும் சிதறிக் கிடக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி சிக்கிமின் மொத்த மக்கள்தொகை 6,10,577. அதில் லெப்சாக்கள் நாற்பதாயிரத்துச் சொச்சம். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் கால்வாசி கூட தேறாது. எண்ணிக்கைதான் சனநாயகம் என்றால் இந்த மக்களுக்கு அதில் என்ன இடம் என்ற கேள்வி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. சில வருசத்துக்கு முன்னால் தலித், ஆதிவாசி இளைஞர்களுக்கான ஒரு பயிற்சி முகாமில் பத்து நாள் ஒரே அறையில் என்னோடு தங்கியவள் ஒரு லெப்சாப் பெண். வடக்குச் சிக்கிமில் ஜோங்கு என்கிற பகுதியைச் சேர்ந்தவள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள், என்னை திதி என்று கூப்பிடுவாள். திதி என்பது அக்கா, அது நேபாளிச் சொல். சிக்கிமில் எல்லாருக்கும் பொதுவான பேச்சு நேபாளிதான். அவளுடைய பாட்டிக்கு ரோங் மொழி மட்டும்தான் தெரியுமாம். அம்மாவுக்கு இரண்டும். இவளுக்கு நேபாளி சரளம், இந்தி சுமார், ரோங் வீட்டுக்குள்ளே. என் இந்தியோ அதைவிட மோசம். ரெண்டு பேரும் ஒருத்தர் மொழியை ஒருத்தர் கடன் வாங்கித்தான் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் ராத்திரி ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் எங்கள் பக்கத்துத் தனித்தொகுதிக் கதையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க எம்எல்ஏ எங்க ஆளுதான் திதி. எங்க பேர்ல பன்னிரண்டு சீட்டு இருக்கு. ஆனா எங்களுக்காகப் பேச அங்க ஒருத்தரும் இல்ல" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்யுது என்பதுபோலச் சொன்னாள்.

அந்தப் பன்னிரண்டு நாற்காலி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நிறைய கதை கிடைக்கிறது.

காபி லுங்சோக் என்ற இடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் லெப்சாத் தலைவர் தேகோங் தேக்கும், திபெத்திலிருந்து வந்த கே பும்சாவும் இரத்த சகோதரர்களாக உறுதி எடுத்துக்கொண்டார்கள் என்பது சிக்கிமில் எல்லாரும் சொல்லும் கதை. அரசாங்கமே நினைவிடம் வைத்துக் கொண்டாடுகிறது. சகோதர உறுதிக்குப் பிறகு நடந்தது என்ன? 1642-ல் புன்சோக் நம்கியால் சோக்யாலாக, அதாவது ராஜாவாக முடி சூடினார். சூட்டியவர்கள் மூன்று லாமாக்கள். லெப்சா குடிமகனாகிவிட்டார். சகோதரனில் ஒருத்தன் ராஜா, இன்னொருத்தன் குடி. பூட்டியா, லெப்சா, லிம்பு மூன்று இனங்களும் சேர்ந்து ஒப்பந்தம் செய்துகொண்டதாக, லோ-மென்-சோங்-சும் என்று இன்னொரு வரலாறும் அந்த நூற்றாண்டிலேயே உண்டு. இந்த லிம்புவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

ராஜாவுக்குக் கீழே காஜிகள் என்ற நிலப்பிரபுக்கள். அவர்களில் லெப்சா வம்சத்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. குடிகள் சுமை தூக்க வேண்டும். கூலி கிடையாது. ஜார்லாங்கி என்று ஒன்று, குருவா என்று ஒன்று, காலோபாரி என்று ஒன்று. காலோபாரி என்றால் கறுப்புச் சுமை. தார் பூசிய கறுப்புத் துணியில் கட்டிய மூட்டைகளை மலைப்பாதையில் திபெத் பக்கம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். குருவா என்றால் அந்தச் சுமை எப்போது வரும் என்று வழியில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பது. காத்துக் கிடப்பதற்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். 1940-களின் பிற்பகுதியில்தான் இதெல்லாம் ஒழிந்தது. வெட்டி வேலை பார்த்த நம் தாத்தன் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது.

1835-ல் டார்ஜிலிங்கைச் சிக்கிம் ராஜா கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த ரோங்குகளை யார் கேட்டார்கள்? பிறகு தேயிலை. தேயிலைக்கு ஆள் வேண்டும். நேபாளத்திலிருந்து வந்தார்கள். 1889-ல் சிக்கிமுக்கு அரசியல் அதிகாரியாக வந்த வெள்ளைக்காரர் ஜான் கிளாட் வைட், வருமானத்துக்காக நேபாளிக் குடியேற்றத்தை ஊக்கப்படுத்தினார். 1891-ல் சிக்கிமில் மொத்தம் முப்பதாயிரம் பேர்தான். லெப்சாக்கள் ஆறாயிரத்துக்கும் கீழே. அப்போதே அவர்கள் சிறுபான்மை. அதே காலத்தில் 'அமைதியானவர்கள், கூச்ச சுபாவிகள், அழிந்துகொண்டிருப்பவர்கள்' என்று வெள்ளைக்கார அதிகாரிகளும் ஆராய்ச்சியாளர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் எழுதி வைத்தார்கள். நூறு வருசத்துக்கு மேலாக 'அழிந்துகொண்டே' இருக்கிறார்கள்! அழிகிறவனுக்கு எதற்குப் பிரதிநிதித்துவம், அவனுக்கு மியூசியம் போதும் என்று ஆகிவிடுகிறது இந்தப் பேச்சு. அமைதியான சனம் என்ற பட்டம் இன்னும் ஆபத்தானது. அது குரல் எழுப்பும்போது 'இது உங்க சுபாவமே இல்லையே, யார் தூண்டிவிட்டது?' என்று கேட்க வசதியாக இருக்கிறது. நம்ம சேரிக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது.

1975-ல் சோக்யாலின் காவல்படையை இந்திய ராணுவம் ஏப்ரல் 9-ந் தேதி நிராயுதபாணியாக்கியது. 14-ந் தேதி வாக்கெடுப்பு. மே 16-ல் சிக்கிம் இந்தியாவின் 22-வது மாநிலம். முதல் முதலமைச்சர் காஜி லெண்டுப் தோர்ஜி. பெயரிலேயே காஜி இருக்கிறது. லெப்சா வம்சம் என்றே சொல்வார்கள். 'லெப்சா ஒருத்தர்தான் முதல் முதல்வர், அப்புறம் என்ன குறை?' என்று யாராவது கேட்டால், அவர் எந்த வர்க்கத்து லெப்சா என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இணைப்புக்கு முன்னால் 1974-ல் நடந்த தேர்தலில் 32 இடங்கள் இப்படிப் பிரிந்திருந்தன: பூட்டியா-லெப்சாவுக்கு 15, நேபாளிகளுக்கு 15, பௌத்த மடங்களின் சங்காவுக்கு 1, பட்டியல் சாதிக்கு 1. இணைப்புக்குப் பிறகு அரசியல் சட்டத்தில் 371எஃப் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சிக்கிமின் பல்வேறு பிரிவு மக்களின் உரிமைகளைக் காக்க சட்டமன்றத்தில் இடம் ஒதுக்கலாம் என்று அதில் இருக்கிறது. அதன்படி 1979-80-ல் புதுக்கணக்கு வந்தது. பூட்டியா-லெப்சாவுக்கு 12, பட்டியல் சாதிக்கு 2, சங்காவுக்கு 1, மிச்சம் 17 பொது. நேபாளிகளுக்கென்று இருந்தது போய்விட்டது.

பூட்டியா-லெப்சா. நடுவில் ஒரு சின்னக் கோடு. சிக்கிமில் 'பிஎல்' என்று இரண்டெழுத்தில் சொல்லிவிடுவார்கள். என் தோழிக்கு இந்தக் கோட்டின் மேல்தான் கோபம். பூட்டியா என்றால் யார் என்று 1978-ன் பழங்குடிப் பட்டியல் ஆணையில் விளக்கம் இருக்கிறது. சும்பிபா, தொப்தாபா, துக்பா, ககத்தே, ஷெர்பா, திபெத்தியர், த்ரோமோபா, யோல்மோ ஆகிய எட்டுப் பிரிவும் பூட்டியாவில் அடக்கம். எட்டுப் பேரும் ஒருபக்கம், லெப்சா ஒருபக்கம், பன்னிரண்டு இடமும் பொதுவில். அதில் லெப்சாவுக்கு எத்தனை என்று எங்கேயும் எழுதவில்லை. ராஜாவாக இருந்தவர்களும் அந்த ராஜாவுக்குச் சுமை தூக்கியவர்களும் ஒரே பெட்டிக்குள். "கோடு போட்டவங்க யார்கிட்ட கேட்டாங்க?" என்பாள். லெப்சா அமைப்புகள் தனி ஒதுக்கீடு கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்கு 2009-ல் சட்டம் வருகிறவரை நம்மிடையே நடந்த விவாதங்களை அறிந்தவர்களுக்கு இந்த வாதங்கள் எல்லாமே பழக்கமானவை. 'ஒற்றுமை கெட்டுவிடும்' என்று அங்கேயும் சொல்கிறார்கள். ஒற்றுமையைப் பற்றிய கவலை எப்போதும் மேலே இருக்கிறவனுக்குத்தான் அதிகம்.

லிம்புவுக்கு வருவோம். அந்த மூவர் ஒப்பந்தத்தில் ஒருவர் அவர்கள். ஆனால் கணக்கில் நேபாளி என்று சேர்க்கப்பட்டதால் 1978 பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. தமாங்குகளும் இல்லை. 2003-ல்தான் இரு சமூகமும் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இடம் கிடைத்தது, சட்டமன்றத்தில் கிடைக்கவில்லை. சட்டமன்றத்தை 32-லிருந்து 40 ஆக்கி அவர்களுக்கு ஒதுக்கலாம் என்று பல வருசமாகப் பேச்சு. பேச்சு பேச்சாகவே இருக்கிறது. எங்கள் பன்னிரண்டில் கை வைத்துவிடுவார்களோ என்று பிஎல் மக்களுக்குப் பயம். தருவதாகச் சொல்லியே கடத்துகிறார்கள் என்று லிம்பு, தமாங் மக்களுக்குக் கோபம். இரண்டும் நியாயம்தான். ஒரு நியாயத்தை இன்னொரு நியாயத்தோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் தில்லியிலும் கேங்டாக்கிலும் இருக்கிறார்கள்.

இந்த ஒதுக்கீட்டை எதிர்த்து ஆர்.சி. பௌத்யால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. ஐந்து பேர் கொண்ட அமர்வு. பெரும்பான்மைத் தீர்ப்பு ஒதுக்கீடு செல்லும் என்றது. வரலாற்றுச் சூழலைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். தலைமை நீதிபதி எல்.எம். சர்மா மாறுபட்டு எழுதினார். சங்கா இடம் செல்லாது என்பதில் இன்னொரு நீதிபதியும் மாறுபட்டார்.

அது என்ன சங்கா இடம்? நான் முதலில் கேள்விப்பட்டபோது அசந்து போனேன். 32-ல் ஒரு தொகுதிக்கு நில எல்லையே கிடையாது. சிக்கிம் முழுக்க அங்கீகரிக்கப்பட்ட பௌத்த மடங்களைச் சேர்ந்த துறவிகள்தான் அதற்கு வாக்காளர். நிற்பதும் அவர்களே, ஓட்டுப் போடுவதும் அவர்களே. அதாவது தனி வாக்காளர் தொகுதி! 1932-ல் அண்ணல் அம்பேத்கர் கேட்டாரே, அதே. அந்த ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பில் நமக்குக் கிடைத்து, செப்டம்பர் 24-ல் எரவாடாவில் சாகும்வரை உண்ணாவிரதத்தைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டார்களே, அதே. நாடு உடைந்துவிடும் என்றார்கள், இந்து சமூகம் சிதறிவிடும் என்றார்கள். சுதந்திர இந்தியாவில் மடத்துத் துறவிகளுக்கு அதைக் கொடுத்தார்கள், நாடு உடையவில்லை. உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. சங்காவுக்குக் கொடுத்ததைப் பறிக்கச் சொல்லவில்லை நான். தீண்டப்படாதவன் கேட்டால் பிரிவினை, மடம் கேட்டால் பாரம்பரியம் என்கிற நியாயத்தைத்தான் கேட்கிறேன். பூனா ஒப்பந்தம் பற்றி எழுதுகிற நம் எழுத்தாளர்கள் யாரும் சிக்கிம் பக்கம் திரும்பிப் பார்த்ததாக என் கண்ணில் படவில்லை.

கூட்டுத் தொகுதி என்றால் என்னவென்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். எங்க அத்தை 2006-ல் பெண்களுக்கான தனி ஊராட்சி ஒன்றில் தலைவர் ஆனாங்க. ஆனாங்க என்ன, ஆக்கினாங்க. சேரி ஓட்டு முன்னூறு, ஊர் ஓட்டு ஆயிரத்துக்கு மேல. யார் நிக்கணும்னு ஊர்த்தெருவில் முடிவானது. செக் புத்தகம் அஞ்சு வருசமும் துணைத் தலைவர் வீட்டு பீரோவில். அத்தை அந்த வீட்டு வாசப்படியில் நின்று கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவாங்க. சட்டப்படி எங்களுக்குப் பிரதிநிதித்துவம் இருந்தது. 1997-ல் மேலவளவில் முருகேசனை வெட்டினார்கள், பாப்பாபட்டி கீரிப்பட்டியில் பத்து வருசம் தேர்தலையே நடத்தவிடவில்லை. எங்கள் ஊரில் அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தோழி சொன்னதைக் கேட்டதும் 'கூட்டுத் தொகுதிதான் காரணம், பிஎல் இடங்களில் எல்லாரும் ஓட்டுப் போடுகிறார்கள், அதனால் எல்லாருக்கும் நல்லவனாக இருப்பவன்தான் ஜெயிப்பான்' என்று அவளுக்கே விளக்கினேன். அவள் தலையாட்டினாள். அப்புறம், "ஜோங்குல ஓட்டுப் போடுறது எல்லாம் நாங்கதானே திதி" என்றாள். உண்மைதான். ஜோங்கு லெப்சாக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மண். வெளியாட்கள் நிலம் வாங்க முடியாது. வேறு ஊர் லெப்சாகூட அங்கே குடியேற முடியாது. அந்தத் தொகுதியின் ஓட்டு பெரும்பாலும் லெப்சா ஓட்டு. அண்ணல் கேட்டது கிட்டத்தட்ட அங்கே இருக்கிறது. இருந்தும் ஏன்?

2018-ல் நான் ஜோங்கு போனேன். மங்கனிலிருந்து கீழே இறங்கினால் தீஸ்தாவின் குறுக்கே சங்கலாங் பாலம். அங்கே அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். சொந்த நாட்டுக்குள்ளே அனுமதியா என்று எரிச்சல்படுகிற சுற்றுலாக்காரர்களைப் பார்த்தேன். எனக்கு நிறைவாக இருந்தது. ஒரு சனம் தன் வாசலில் நின்று யார் உள்ளே வரலாம் என்று கேட்பதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். எங்க தெருவுக்குள்ள எவன் வேணாலும் பைக்ல வரலாம், ஊர்த்தெருவுக்கு நாங்க செருப்பைக் கழட்டிட்டுப் போகணும் என்றிருந்த காலத்தை எங்க அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான்.

சரிவு முழுக்க பெரிய ஏலக்காய். நம்ம பாயாசத்துக்குப் போடுகிற ஏலக்காய் இல்லை, கறுத்துப் பெருத்தது. தோழியின் வீட்டில் கேழ்வரகில் ஊறவைத்த சீ கொடுத்தார்கள். மூங்கில் குழலால் உறிஞ்ச வேண்டும், வெந்நீர் ஊற்ற ஊற்றக் குறையாது. அவள் அம்மா ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சிகரம், ஒரு ஏரி, ஒரு குகை உண்டு என்று சொல்லிக் கையைக் காட்டினார். செத்தவர்களின் ஆவி அந்த வழியாகத்தான் திரும்பிப் போகும், கோங்சென் மலையின் பக்கம். தீஸ்தாவை ரோங்ன்யூ என்கிறார்கள், அவள் பெண். ரங்கீத் ஆண். அவளுக்கு வழிகாட்டியது பாம்பு, அவனுக்கு வழிகாட்டியது பறவை. இரண்டும் கலக்கிற இடம் கல்யாணத்துக்குச் சாட்சி. கதை நல்லா இருக்கு என்று ரசித்துவிட்டுப் போக முடியாதபடி, மலைச்சரிவில் சுரங்கம் தோண்டிய மண் கொட்டிக் கிடந்தது.

தீஸ்தாவில் அடுக்கடுக்காக நீர்மின் திட்டங்கள். ஜோங்குவுக்குள்ளேயும் நிறையத் திட்டமிட்டார்கள். 2007 ஜூன் 20-ல் 'தீஸ்தாவால் பாதிக்கப்பட்ட குடிமக்கள்' என்ற அமைப்பினர் கேங்டாக்கில் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினார்கள். தாவா லெப்சாவும் டென்சிங் கியாட்சோ லெப்சாவும் அதில் முக்கியமானவர்கள். தாவா அறுபது நாட்களைத் தாண்டியும் சாப்பிடவில்லை. மாற்றி மாற்றி உட்கார்ந்து இரண்டு வருசத்துக்கு மேல் நடந்தது. டார்ஜிலிங், கலிம்போங் லெப்சாக்கள் புனிதத் தலத்துக்குப் போவதுபோல ஜோங்குவை நோக்கி நடந்து வந்தார்கள். மாநிலம், எல்லை, தொகுதி எல்லாவற்றையும் மீறி மாயெல் லியாங் என்ற ஒன்று அந்த நடையில் கொஞ்ச நாள் கண்ணுக்குத் தெரிந்தது.

சட்டமன்றம் என்ன செய்தது? 2004 தேர்தலில் 32-ல் 31 ஆளுங்கட்சிக்கு. பன்னிரண்டு பிஎல் உறுப்பினரில் குறைந்தது பதினோரு பேர் திட்டங்களுக்குக் கையெழுத்துப் போட்ட கட்சி. லெப்சாவே ஆனாலும், லெப்சா மட்டுமே ஓட்டுப் போட்டாலும், வேட்பாளரை வைப்பது கட்சி. கொறடா உத்தரவை மீறினால் 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போய்விடும். 1989-ல் ஒரு கட்சி 32-க்கு 32. 2009-ல் இன்னொரு கட்சி 32-க்கு 32. இத்தனை இனம், இத்தனை மொழி இருக்கிற மண்ணில் சட்டமன்றத்துக்குள் ஒரே நிறம்! தனித் தொகுதி, தனி வாக்காளர் எல்லாம் கிடைத்த பிறகும் மிச்சமிருக்கிற பூட்டு இதுதான் என்று எனக்கு அங்கே புரிந்தது. அண்ணல் பட்டியல் சாதிகளுக்கென்று தனியாகக் கட்சியும் தொடங்கினாரே, ஏன் என்பதை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உண்ணாவிரதம் வீண்போகவில்லை. 2008-ல் ஜோங்குவின் நான்கு திட்டங்களை அரசு ரத்து செய்தது. ஆனால் பனான் திட்டம் நின்றது. ஊர் இரண்டாகியும் போனது. திட்டம் வந்தால் ரோடு வரும், வேலை வரும், நிலத்துக்குப் பணம் வரும் என்று நம்பிய லெப்சாக்களும் ஜோங்குவில் இருந்தார்கள், இருக்கிறார்கள். வெளியூர் லெப்சாக்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்களும் அவர்களே. என் தோழியின் வீட்டிலேயே சித்தப்பா ஒருபக்கம், அப்பா ஒருபக்கம். ஒரே சமையல்கட்டில் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு வருசம் பேச்சுவார்த்தை இல்லையாம். ஆதிவாசி என்றாலே எல்லாரும் இயற்கையின் காவலர், ஒரே குரல் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த வீட்டுக்கு ஒருமுறை வர வேண்டும். ரோடு கேட்பதற்கும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆற்றைக் கொடுத்தால்தான் ரோடு என்று சொன்னவன்தான் பதில் சொல்ல வேண்டியவன்.

மேற்கு வங்கத்தில் கதை வேறு. அங்கே கூர்க்காலாந்துக் கோரிக்கை. 1988-ல் மலைக் கவுன்சில், 2012-ல் கூர்க்கா பிரதேச நிர்வாகம். பூர்வகுடியான லெப்சா அதற்குள் ஒரு சிறு புள்ளி. 2013-ல் மாநில அரசு மாயெல் லியாங் லெப்சா வளர்ச்சி வாரியம் அமைத்தது. வீடு கட்டப் பணம் வந்தது, மொழி கற்பிக்கப் பணம் வந்தது. கூர்க்கா இயக்கத்தைப் பிளக்கத்தான் இது என்று இயக்கத்தார் சொன்னார்கள். பிறகு வரிசையாக மற்ற சமூகங்களுக்கும் வாரியங்கள் வந்ததைப் பார்த்தால் அவர்கள் சந்தேகத்தைத் தள்ள முடியவில்லை. ஆனால் எழுபது வருசம் யாரும் எதுவும் கொடுக்காத சனத்திடம் போய் 'கொடுக்கிறவன் நோக்கம் சரியில்லை, வாங்காதே' என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதே பொய். வந்தேறி என்ற சொல். லெப்சா நியாயத்தைப் பேசும்போது அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கும். கேங்டாக்கில் ஒரு காமி வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். காமி என்றால் கொல்லர், நேபாளிகளுக்குள் தீண்டப்படாதவர். தமாய், சார்கியும் அப்படித்தான். சாதியை முதுகில் சுமந்துகொண்டுதான் மலையேறினார்கள். அந்த இரண்டு பட்டியல் சாதி இடங்கள் இவர்களுக்கு. அந்த வீட்டுப் பெரியவர், "பூட்டியாவுக்கும் லெப்சாவுக்கும் நாங்க வெளியாள், சேத்ரி வீட்டுல நாங்க வாசலுக்கு வெளியாள்" என்றார். அவரைப் போய் வந்தேறி என்று எப்படிச் சொல்வேன்? 2023 ஜனவரியில் சிக்கிம் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே சிக்கிம் நேபாளிகளை வெளிநாட்டு வம்சாவளி என்று குறிக்கும் ஒரு வரி வந்து, மாநிலமே கொந்தளித்து, பிப்ரவரியில் அதை நீக்கினார்கள். நாலு தலைமுறை இருந்தவனுக்கு ஒரு வரியில் ஊர் இல்லாமல் போகிறது. அதே தீர்ப்புத்தான், வெளி மாநிலத்தானைக் கட்டிக்கொண்ட சிக்கிம் பெண்ணுக்கு வரிவிலக்கு இல்லை என்றிருந்த விதியையும் தூக்கி எறிந்தது. ஆண் யாரைக் கட்டினாலும் சிக்கிம்காரன், பெண் கட்டினால் வெளியாள். யார் சொந்தம் என்று கணக்குப் போடுகிற எல்லாரும் கடைசியில் பெண்ணின் கல்யாணத்தில்தான் வந்து நிற்கிறார்கள். தோழி இதைச் சொல்லிச் சிரித்தாள். ஜோங்குவில் இதைப் பேசினால் அடி விழும் என்றாள்.

2023 அக்டோபர் 3-ந் தேதி ராத்திரி தெற்கு லோனாக் பனிஏரி உடைந்தது. சுங்தாங்கில் 1200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்ட அணை விடிவதற்குள் போய்விட்டது. கீழே ஊர்கள், ராணுவ முகாம், பாலங்கள். சங்கலாங் பாலமும் போனது. நான் சீட்டைக் காட்டி நின்ற இடம். ஜோங்கு துண்டாகிவிட்டது. ஒன்பது நாள் கழித்துத்தான் தோழியோடு பேச முடிந்தது. ஆம்பிளைகள் எல்லாம் மூங்கில் வெட்டி ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுகிறார்கள், பழைய ஆட்கள் கயிறு முறுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றாள். 2007-ல் உண்ணாவிரதம் இருந்தவர்கள் சொன்னதுதானே நடந்தது என்று நான் ஆவேசமாக ஆரம்பித்தேன். "அரிசி வரட்டும் திதி, அப்புறம் பேசலாம்" என்றாள்.

அடுத்த வருசம் தேர்தல். ஒரு கட்சிக்கு 32-ல் 31. எதிர்க்கட்சியில் ஜெயித்த அந்த ஒரே ஒருவரும் ஜூலையில் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டார். 2025 ஜனவரியில் தில்லியில் நிபுணர் குழு கூடி, உடைந்த அணையைத் திரும்பக் கட்டலாம் என்று பரிந்துரைத்தது. பழையது 60 மீட்டர். புதியது 118 மீட்டருக்கும் மேல். மக்கள் கருத்தைப் புதிதாகக் கேளுங்கள் என்று சிக்கிமில் குரல்கள் எழுந்தன. தோழியும் ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து மனு எழுதியிருக்கிறார்கள். நேபாளியில் ஒன்று, ரோங் எழுத்தில் ஒன்று. ரோங் எழுத்தில் எழுத ஆள் தேடியதில் இரண்டு நாள் தாமதமாம்.

யாரிடம் கொடுத்தீங்க, எம்எல்ஏகிட்டயா என்று கேட்டேன்.

"இல்ல திதி. கலெக்டர் ஆபீஸ்ல. டப்பால்ல சீல் வச்சுக் குடுத்தாங்க."